இரவு இரண்டு மணி, மைனஸ் ஆறு

ஆண்டவரே,
ஜெபம் என்றுதான் தொடங்குகிறேன்.
நடுவில் கணக்காக மாறிவிட்டால் பொறுத்துக்கொள்ளும்.

பிப்ரவரியில் தொங்கவிட்டோம்.
வாலோடு வால் சேர்த்துக் கட்டி, இரண்டிரண்டாய்,
ஆறாயிரத்து நானூறு காட் மீன்கள்.
உப்பு இல்லை, புகை இல்லை.
இந்த லொஃபோட்டன் தீவுகளில்
காற்றும் குளிரும்தான் மீனைப் பக்குவப்படுத்தும்.
கம்பத்தில் ஏற்றிய பிறகு
செய்வதற்கு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையைத்தான்
என்னால் செய்ய முடியவில்லை.

குளிர் மிஞ்சினால் சதைக்குள் பனி முளைத்துப்
பஞ்சாகிவிடும்.
குறைந்தாலோ, ஈ வந்து உட்காரும்.
நடுவே ஒரு மயிரிழை.
அந்த இழையில்தான் தொங்குகின்றன
படகின் கடன்,
பாதி மூடிய கூரை,
நெஞ்சைத் திறந்து தைத்துக்கொண்டு
ட்ரோம்சோவிலிருந்து திரும்பிய ஹால்வர்.
அவர் தூங்குகிறார்.
அவர் மூச்சை நான் எண்ணுகிறேன்.

நீர் பறவைகளைக் காட்டிப் பேசியது கலிலேயாவில்.
இங்கே காட்டுவதற்குக் கடற்காகங்கள்தான் உண்டு.
அவையும் விதைப்பதில்லை, உண்மைதான்.
அதனால்தான் மீனுக்கு மேல்
வலை போட்டிருக்கிறேன்.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே வெப்பமானி.
உள்ளே ஒரு நோட்டுப் புத்தகம்.
பதினொன்றுக்கு மைனஸ் இரண்டு.
ஒன்றுக்கு மைனஸ் நான்கு.
இருபத்தாறு இரவுகளாய் எழுதியதில்
பென்சில் பாதியாகிவிட்டது.
ஒரு டிகிரிகூட
எனக்காக ஏறவில்லை, இறங்கவுமில்லை.

நேற்று மைனஸ் ஆறு.
பூட்ஸை மாட்டிக்கொண்டு
டார்ச்சோடு இறங்கினேன்.
கம்பங்களுக்கு அந்தப் பக்கம்
இன்னொரு டார்ச்.

திருடன் என்று நினைத்தேன்.
ஓட்மார்.
ஞாயிறுதோறும் எனக்கு முன் வரிசையில் நின்று
'விசுவாசிக்கிறேன்' என்று
ஆலயம் அதிரச் சொல்கிறவர்.
நானும்தான் சொல்கிறேன்,
கொஞ்சம் மெதுவாக.

இரவு உடைக்கு மேல் கோட்டும்
காதை மூடிய தொப்பியுமாய்
ஒரு மீனின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்,
காய்ச்சல் கண்ட குழந்தையைத் தொடுவதுபோல.
நான் பார்த்ததைப் பார்த்துக்
கையை எடுத்துப் பைக்குள் ஒளித்தார்.

"இங்கெபியோர், இந்நேரத்தில் என்ன செய்யப்போகிறாய்?"
"ஊதிப் பார்க்கலாம் என்று வந்தேன்" என்றேன்.

முதலில் அவர் சிரித்தாரா, நானா, தெரியவில்லை.
வயிறு வலிக்கச் சிரித்தோம்.
மலை அதைத் திருப்பித் தந்தது.
எந்த வீட்டு நாயோ குரைத்தது.
மேலே வானம் முழுக்கப் பச்சை ஒளி
திரைபோல் ஆடிக்கொண்டிருந்தது.
இருபத்தாறு இரவும் ஆடியிருக்க வேண்டும்.
நான் பாதரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டார்ச்சுகளை அணைத்தோம்.
அப்போதுதான் கேட்டது:
காற்றில் மீனோடு மீன் மோதும் சத்தம்,
கட்டையோடு கட்டை தட்டுவதுபோல,
மெல்ல, வரிசை வரிசையாய்.
காய்கிற சத்தம்.
எங்களைக் கேட்காமலே
வேலை நடந்துகொண்டிருந்தது.

ஓட்மார் தொப்பியைக் கழற்றினார்.
குளிர் தாங்காமல் உடனே மாட்டிக்கொண்டார்.
அதுதான் எங்கள் ஆராதனை.

ஜூனில் தரம் பிரிப்பவர் வருவார்.
ஒவ்வொன்றாய் முகர்ந்து, தட்டிப் பார்த்து
தலையசைக்கலாம்.
அசைக்காமலும் போகலாம்.
எல்லாம் பாழானாலும்
நீர் என் பங்கு என்று சொல்ல ஆசை, ஆண்டவரே.
அந்தத் தைரியம் இன்னும் வரவில்லை.
வந்ததாக நடிக்கமாட்டேன்.
தாரும்.

இன்றும் இரண்டு மணிக்கு விழித்தேன்.
பழக்கம்.
நோட்டைத் திறந்தேன்,
மைனஸ் ஐந்தோ ஏழோ,
இடத்தைக் காலியாக விட்டேன்.
தண்ணீர் குடித்தேன்.
ஹால்வர் புரண்டு படுத்தார்.
பூட்ஸ் கதவருகே
கயிறு அவிழ்ந்தபடி கிடந்தது.
கிடக்கட்டும்.